ஒரே கால்பந்து விளையாட்டுக்கு 3 வயது, 12 வயது: நாடுதோறும் வயதுச் சான்று மாறுவது ஏன்?

புதுதில்லி: 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' என்ற கால்பந்து வீடியோ விளையாட்டு 2023-ஆம் ஆண்டு வெளியானபோது, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அதன் உறையில் '3' என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது. மூன்று வயது நிரம்பிய குழந்தையும் ஆடலாம் என்பது அதன் பொருள். ஜெர்மனியில் அதே விளையாட்டு '12' என்ற எண்ணுடன் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 'அனைவருக்கும்' என்று பொருள்படும் 'இ' என்ற எழுத்தைப் பெற்றது. மூன்று இடங்களிலும் ஆடுகளம், வீரர்கள், ஆட்ட விதிகள் ஆகியவற்றில் எந்த வேறுபாடும் இல்லை.

ஜெர்மனியின் மதிப்பீட்டு அமைப்பான யுஎஸ்கே கவனித்தது ஆட்டத்துக்குள் இயங்கும் கடையை. உண்மையான பணம் செலுத்தி ஒரு பொதியை வாங்கினால், அதில் எந்த வீரர் கிடைப்பார் என்பது வாங்கிய பின்னரே தெரியவரும். 'லூட் பாக்ஸ்' எனப்படும் இந்த அதிர்ஷ்டப் பொதிகளையும், உடனே வாங்கத் தூண்டும் அழுத்தத்தையும் 2023-ஆம் ஆண்டு முதல் யுஎஸ்கே தனது மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. வன்முறை, ஆபாசம் ஆகியவற்றை மட்டும் அளவுகோலாகக் கொண்ட காலத்தில் கால்பந்து விளையாட்டுக்கு 12 வயது வரம்பு விதிக்கப்படும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

திரைப்படமோ விளையாட்டோ எதுவாயினும், அதன் மீது பொறிக்கப்படும் வயது எண் உலகம் முழுவதும் ஒரே அளவுகோலால் கணக்கிடப்படுவதன்று. எந்தக் காட்சி குழந்தையைப் பாதிக்கும் என்பதில் நாடுகளுக்கிடையே ஒத்த கருத்து இல்லை. அந்த எண்ணுக்குச் சட்டத்தின் வலிமை உண்டா, அதை முடிவு செய்வது அரசா, தொழில்துறையா என்பனவும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

வசைச்சொல்லா, படுக்கையறைக் காட்சியா?

பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜின் திக்குவாயைப் பற்றிய 'தி கிங்ஸ் ஸ்பீச்' (2010) திரைப்படத்தில் ரத்தமும் இல்லை, நிர்வாணமும் இல்லை. பேச்சுப் பயிற்சியின் ஒரு பகுதியாக மன்னர் கெட்ட வார்த்தைகளைத் தொடர்ந்து உரக்கக் கூறும் காட்சி மட்டும் உண்டு. இதற்காகவே அமெரிக்காவில் அப்படத்துக்கு 'ஆர்' சான்று வழங்கப்பட்டது. 17 வயது நிரம்பாதோர் பெற்றோர் அல்லது பொறுப்பான பெரியவர் ஒருவருடன் வந்தால் மட்டுமே அனுமதிக்கப்படுவர் என்பது 'ஆர்' சான்றின் பொருள். ஒரு குறிப்பிட்ட வசைச்சொல் ஒரு முறை வந்தால் 'பிஜி-13', அதற்கு மேல் வந்தால் 'ஆர்' என்ற ஏறத்தாழ எண்ணிக்கை சார்ந்த விதியை அமெரிக்க அமைப்பு பின்பற்றுகிறது.

பிரிட்டனில் முதலில் இப்படத்துக்கு '15' என்ற சான்று முடிவாயிற்று. விநியோகஸ்தர் முறையிட்டதும், அச்சொற்கள் யாரையும் ஏசுவதற்காகப் பேசப்படவில்லை, சிகிச்சையின் பகுதியாகவே வருகின்றன என்பதை ஏற்று '12ஏ' எனக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு சில சொற்களை ஒலியிழக்கச் செய்த 'பிஜி-13' பதிப்பு ஒன்று தனியாகத் திரையிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' (2015). பாலுறவுக் காட்சிகள் நிறைந்த இப்படத்தை பிரான்ஸ் நாட்டில் 12 வயது நிரம்பியோர் தனியாகச் சென்று காணலாம். அமெரிக்காவில் 'ஆர்', பிரிட்டனில் '18'. மலேசியாவில் தடை விதிக்கப்பட்டது. இந்தியாவில் மத்தியத் திரைப்படச் சான்று வாரியம் சான்று வழங்க மறுத்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றது என்பதிலிருந்து எந்த வயதினருக்கும் ஏற்றதன்று என்பது வரை, ஒரே ஆண்டில் ஒரே படத்துக்கு இத்தனை முடிவுகள்.

சுவீடனின் கதை இன்னும் சுவையானது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' (1982) உலகெங்கும் குழந்தைகள் படமாகக் கொண்டாடப்பட்டது. சுவீடனில் 11 வயதுக்குக் குறைந்தோர் அதைப் பார்க்க முடியவில்லை. பெரியவர்களைக் குழந்தைகளின் பகைவர்களாகச் சித்திரிக்கும் காட்சிகள் சிறார் மனத்தைக் கலங்கச் செய்யும் என்பது அப்போது கூறப்பட்ட காரணம். அங்கிருந்த குழந்தைகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1911-ஆம் ஆண்டிலேயே அரசுத் தணிக்கை அமைப்பை நிறுவிய அந்த நாட்டில் இன்று மிக உயர்ந்த வயது வரம்பு 15. சிங்கப்பூரில் அது 21.

எண் ஒன்று, சட்டம் வேறு

அமெரிக்காவில் திரைப்படச் சான்று சட்டத்தால் விதிக்கப்பட்டதன்று. 1968-ஆம் ஆண்டு நவம்பரில் திரைப்படத் தயாரிப்பு நிறுவனங்களின் சங்கம் தானே முன்வந்து இம்முறையை உருவாக்கியது. சான்று வழங்கும் குழுவில் இருப்போர் பெற்றோர்களே. பெரும்பாலானோரின் பெயர்கள் வெளியிடப்படுவதில்லை. குழுவில் சேரும்போது அவர்களுக்கு 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்க வேண்டும். பிள்ளைகள் 21 வயதை எட்டியதும் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். இன்று நாம் அறிந்த 'பிஜி-13' 1984-ஆம் ஆண்டு ஜூலையில்தான் பிறந்தது. அந்தக் கோடையில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்', 'கிரெம்லின்ஸ்' ஆகிய படங்கள் 'பிஜி' சான்றுக்கு மிகக் கடுமையானவை, 'ஆர்' சான்றுக்கு மிக மென்மையானவை என்ற குழப்பமே அதற்குக் காரணம்.

வீடியோ விளையாட்டுகளிலும் அமெரிக்கா இதே வழியில் சென்றது. 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' ஆகிய விளையாட்டுகளின் வன்முறை குறித்து 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் செனட் சபை விசாரணை நடத்தியது. அரசு தலையிடுவதற்கு முன்னர் தொழில்துறை விழித்துக்கொண்டு, 1994-ஆம் ஆண்டு இஎஸ்ஆர்பி என்ற மதிப்பீட்டு வாரியத்தைத் தோற்றுவித்தது. பின்னர் கலிஃபோர்னியா மாநிலம், வன்முறை மிகுந்த விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்போருக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் செல்லாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் உள்ள கருத்துச் சுதந்திரம் வீடியோ விளையாட்டுகளுக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே, அங்கு '17+' என்று அச்சிடப்பட்ட விளையாட்டைச் சிறுவனுக்கு விற்க மறுக்கும் கடைக்காரர் தமது கடையின் கொள்கையைப் பின்பற்றுகிறார். அவரைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் எதுவும் இல்லை.

அட்லாண்டிக்கைக் கடந்தால் நிலைமை மாறுகிறது. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டு ஜூலை முதல், ஐரோப்பிய அமைப்பான பெகி வழங்கும் 12, 16, 18 ஆகிய எண்களுக்குச் சட்ட வலிமை உண்டு. அந்த வயதை எட்டாதோருக்கு விற்பது குற்றம். அதே எண்கள் வேறு சில ஐரோப்பிய நாடுகளில் அறிவுரை மட்டுமே. நியூசிலாந்து மேலும் ஒரு படி சென்று, வயது வரம்பிட்ட படத்தையோ விளையாட்டையோ அந்த வயதை எட்டாத தம் பிள்ளைக்குப் பெற்றோரே கொடுத்தாலும் குற்றம் என்கிறது. சீனாவில் திரைப்படங்களுக்கு வயது வகைப்பாடே கிடையாது. அனுமதி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆனால் இணைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை, 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 18 வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே ஆட முடியும்.

ஒரு நாட்டின் மறுப்பு, உலகெங்கும் மாற்றம்

ஆஸ்திரேலியாவில் 2012-ஆம் ஆண்டு முடியும் வரை வீடியோ விளையாட்டுகளுக்கு '18+' என்ற வகையே இருக்கவில்லை. 15 வயதினருக்குப் பொருந்தாத எந்த விளையாட்டும் சான்று மறுக்கப்பட்டு, விற்பனையும் தடைபட்டது. வயது வந்தோருக்கான திரைப்படம் அந்நாட்டில் ஓடலாம். வயது வந்தோருக்கான விளையாட்டு கூடாது. விளையாட்டு என்றாலே சிறுவர் பொருள் என்ற எண்ணம் சட்டத்தில் எவ்வளவு காலம் உறைந்து கிடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன் விளைவை மற்ற நாட்டு ஆட்டக்காரர்களும் அறியாமலேயே சந்தித்தனர். 'ஃபால்அவுட் 3' விளையாட்டில் காயமுற்ற கதைமாந்தர் வலி நீங்க 'மார்ஃபின்' செலுத்திக்கொள்வதாக இருந்தது. உண்மையான போதைப்பொருளின் பெயர் இடம்பெறுவதைக் காரணம் காட்டி 2008-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா சான்று மறுத்தது. நிறுவனம் அதன் பெயரை 'மெட்-எக்ஸ்' என மாற்றியது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் தனிப் பதிப்பு தயாரிக்காமல், உலகம் முழுவதற்கும் அதே பெயரையே வைத்துக்கொண்டது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் அந்நாட்டில் விளையாட்டுகளுக்கும் '18+' வகை நடைமுறைக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-க்குப் பின்னர் வகைப்படுத்தப்படும் விளையாட்டுகளில், பணம் செலுத்தி வாங்கும் அதிர்ஷ்டப் பொதிகள் இருந்தால் 15 வயதுக்குக் குறைந்தோருக்குப் பரிந்துரைக்கப்படாத 'எம்' என்ற குறியும், சூதாட்டத்தைப் போலச் செய்யும் ஆட்டங்களுக்கு '18+' என்ற குறியும் கட்டாயம்.

ஜெர்மனிக்கு வேறொரு வரலாற்றுச் சுமை உண்டு. நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது அந்நாட்டில் குற்றம். கலைப்படைப்பு என்ற விலக்கு திரைப்படங்களுக்கு இருந்தபோதிலும், விளையாட்டுகளுக்கு 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் வரை நடைமுறையில் வழங்கப்படவில்லை. நாஜிகளை எதிர்த்துப் போரிடும் 'வுல்ஃபென்ஸ்டைன்' வரிசை விளையாட்டுகளே ஜெர்மானியப் பதிப்பில் ஸ்வஸ்திகா இன்றி வெளியாயின. ஒரு பதிப்பில் ஹிட்லரின் மீசை கூட நீக்கப்பட்டது. ஜப்பானில் சிக்கல் உடல் சிதைவுக் காட்சிகளில் எழுகிறது. சீரோ என்ற அந்நாட்டு அமைப்பின் மிக உயர்ந்த வகையான 'இசட்' சான்றுக்கும் பொருந்தவில்லை என்பதால், 'தி கலிஸ்டோ புரோட்டோகால்' என்ற திகில் விளையாட்டு 2022-ஆம் ஆண்டு அங்கு வெளியிடப்படாமலே போயிற்று.

மதிப்பிடும் முறையும் ஒன்றன்று. யுஎஸ்கே அமைப்பில் தேர்வாளர்கள் விளையாட்டை ஆடிப் பார்த்துக் குழுவின் முன் விளக்குகின்றனர். முடிவில் மாநில அரசுகளின் பிரதிநிதிக்கும் பங்குண்டு. அமெரிக்க வாரியத்தில், நிறுவனம் நிரப்பித் தரும் படிவத்தையும் காட்சித் தொகுப்பையும் வைத்தே கடைகளில் விற்கும் விளையாட்டுகள் மதிப்பிடப்படுகின்றன. திரைப்படத்தை இரண்டரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். நூறு மணி நேரம் நீளும் விளையாட்டை என் செய்வது?

சீட்டுக்கட்டுக்கு 18

விதிகள் இறுக்கமாக இருப்பின் நகைப்புக்குரிய முடிவுகளும் நேரும். 'பலாட்ரோ' (2024) என்ற சீட்டாட்டத்தில் பணயம் வைப்பது இல்லை. உண்மைப் பணத்துக்கு வேலையும் இல்லை. போக்கர் ஆட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளைக் கொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். போக்கர் கற்றுத் தருகிறது என்று கூறி, பெகி அமைப்பு அதற்கு 18 வயது வரம்பு விதித்தது. பணம் கொடுத்து அதிர்ஷ்டப் பொதி வாங்கும் கால்பந்து விளையாட்டுக்கு அதே அமைப்பு '3' வழங்கியிருந்ததை ஒப்பிட்டு, அதை உருவாக்கியவர் கேலி செய்தார். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முறையீட்டின் பேரில் அது 12 வயதாகக் குறைக்கப்பட்டது. சூதாட்டத்தின் தோற்றத்தை ஓர் அமைப்பு தண்டித்தது; சூதாட்டத்தின் இயக்கத்தை மற்றோர் அமைப்பு தண்டிக்கிறது. பிந்தையதே குழந்தைக்கும் பெற்றோரின் வங்கிக் கணக்குக்கும் நெருக்கமான அளவுகோல் எனத் தோன்றுகிறது.

'துணையுடன்' என்று சட்டம் கூறவில்லை

இந்தியாவில் திரைப்படச் சான்று சட்டபூர்வமானது. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ், சான்று பெறாத படத்தைத் திரையரங்கில் காட்ட இயலாது. இந்த முன்தணிக்கை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று கே.ஏ.அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 1970-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. 1989-ஆம் ஆண்டு 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் 'யு' சான்றைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்து, எதிர்ப்பு எழும் என்ற அச்சத்தால் கருத்துரிமையை நசுக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. கருத்துரிமை வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

1983-ஆம் ஆண்டு வாரியத்தின் பெயரிலிருந்து 'தணிக்கை' என்ற சொல் நீக்கப்பட்டு, 'சான்று' என்ற சொல் இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் தமிழ் ஊடகங்கள் 'தணிக்கை வாரியம்' என்றே எழுதுகின்றன. வெட்டுகளும் தொடர்வதால், அதைப் பிழை என்று முழுமையாக ஒதுக்கவும் முடியாது.

ஆனால் மற்றொரு மொழிபெயர்ப்பு உண்மையிலேயே வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது. 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் 'யு/ஏ' என்ற ஒற்றை வகை, 'யு/ஏ 7+', 'யு/ஏ 13+', 'யு/ஏ 16+' என மூன்றாகப் பிரிந்தது. அதற்கான விதிகள் 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. இவற்றை விளக்கும்போது 'பெற்றோர் துணையுடன் பார்க்கலாம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. அந்த வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படம் பார்க்க அனுமதிக்கலாமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையே சட்டத்தில் உள்ளது. பிரிட்டனின் '12ஏ', அமெரிக்காவின் 'ஆர்' ஆகியவற்றில்தான் பெரியவர் உடன் அமர வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இந்தியாவின் 'யு/ஏ 16+' பரிந்துரை மட்டுமே; 14 வயதுச் சிறுவனைத் திரையரங்கு திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் 'ஏ' சான்று பெற்ற படத்துக்கே உரியது. வரம்பு அங்கு 18.

இந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் பெரும் பணமும் உள்ளது. 'ஏ' சான்று பெற்ற படம் குடும்பப் பார்வையாளர்களை இழக்கிறது. அந்த வடிவில் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்ப இயலாது. ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படத்துக்கு 2025-ஆம் ஆண்டு 'ஏ' சான்று வழங்கப்பட்டதை எதிர்த்துத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. அம்மனு தள்ளுபடி செய்யப்பட்டது. முன்பு இத்தகைய முறையீடுகளை விசாரித்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-ஆம் ஆண்டு கலைக்கப்பட்டதால், உயர்நீதிமன்றமே நேரடி வழியாக உள்ளது.

ஓடிடி தளங்கள் வாரியத்தின் வரம்புக்குள் வருவதில்லை. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்நிறுவனங்கள் தாமே வயது வகையைக் குறிக்கின்றன. 'யு/ஏ 13+' முதலான வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும், 'ஏ' வகைக்கு வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும்.

கைப்பேசியில் தெரியும் எண் யாருடையது?

வீடியோ விளையாட்டுகளுக்கோ, திரைப்பட வாரியத்தைப் போன்ற மதிப்பீட்டு அமைப்பு இந்தியாவில் இல்லை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டத்தின் மையம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்வதும் மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிப்பதுமே. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு எந்த வயதினருக்கு ஏற்றது என்பது வேறு கேள்வி.

எனினும், கூகுள் பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் '3+', '7+', '12+', '16+', '18+' என்று ஏதேனும் ஓர் எண் தெரிகிறது. அது ஐஏஆர்சி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் எண். விளையாட்டை உருவாக்கியவர் இணையத்தில் ஒரு வினாப்பட்டியலை நிரப்புகிறார்: ரத்தம் காட்டப்படுகிறதா, வசைச்சொல் உண்டா, போதைப்பொருள் வருகிறதா, ஆட்டக்காரர்கள் தமக்குள் உரையாட முடியுமா? விடைகளை வைத்து, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று, பிரேசிலுக்கு ஒன்று என அந்தந்த நாட்டு அளவுகோலின்படி எண்கள் தானாகவே உருவாகின்றன. தமக்கெனப் பங்கேற்கும் அமைப்பு இல்லாத இந்தியா போன்ற நாடுகளுக்குப் பொதுவான ஓர் எண் வழங்கப்படுகிறது. இந்தியக் குடும்பங்களையோ இந்தியப் பிள்ளைகளையோ மனத்தில் வைத்து எவரும் அதை முடிவு செய்யவில்லை. ஆப்பிள் நிறுவனம் தனது ஆப் ஸ்டோரில் தனக்கான வேறோர் எண் வரிசையைப் பின்பற்றுகிறது. ஆகவே, ஒரே விளையாட்டு இரு கைப்பேசிகளில் இரு வயதைக் காட்டினால் வியப்பதற்கில்லை.

எண்ணைவிட, அதனருகே உள்ள சிறு குறிப்புகள் கூடுதல் தகவல் தருகின்றன. வன்முறையின் தன்மை, பிற ஆட்டக்காரர்களுடனான உரையாடல், செயலிக்குள் பணம் செலுத்தும் வசதி ஆகியவை அங்கு குறிக்கப்படுகின்றன. கூகுள் பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'குடும்பம்' என்ற பகுதியில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டில் ரகசிய எண் ஒன்றை அமைத்து, குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளைப் பதிவிறக்க முடியாதவாறு தடுக்கலாம். இது புதிய பதிவிறக்கங்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே கைப்பேசியில் உள்ள விளையாட்டுகளைப் பெற்றோரே தேடி நீக்க வேண்டும். பணம் செலுத்துவதற்கான கடவுச்சொல் கட்டுப்பாடு அதே செயலியில் வேறோர் இடத்தில் உள்ளது. வயது வரம்பை அமைத்தால் அது தானாக இயங்காது.